முன்பணம் கொடுப்பதற்கு முன்: முதல் வீடு வாங்குபவருக்கு

வீடு வாங்கும்போது மிச்சம் பிடிக்கக்கூடிய பணத்தின் பெரும்பகுதி, முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய சில வாரங்களில்தான் இருக்கிறது. அதுவரை வாங்குபவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. விற்பவர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துத் தருவார், விலையில் இறங்கி வருவார், தரகர் தானாகவே அழைத்து நலம் விசாரிப்பார். ஐந்து லட்சம் கைமாறிய மறுநாள் நிலைமை மாறிவிடும். சொத்து விற்பவர் கைக்கு வந்த வழியைக் காட்டும் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்டால், "அதெல்லாம் பதிவு சமயத்தில் கொடுத்துவிடுகிறோம் சார், கவலைப்படாதீர்கள்" என்ற பதில்தான் வரும்.

தமிழ்நாட்டில் தனி வீடோ அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடோ முதன்முறையாக வாங்குபவர், அந்தச் சில வாரங்களில் எதைக் கணக்கிட வேண்டும், எதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

விலை வேறு, செலவு வேறு

60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் போடும் கணக்கு இது: வங்கி 80 சதவீதம் கடன் கொடுக்கும்; அது 48 லட்சம்; மீதி 12 லட்சம் கையில் இருந்தால் போதும்.

80 சதவீதம் என்பது சரிதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையிலும் வங்கிகள் கொடுக்கலாம். ஆனால் இந்த விலையில் உள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்தச் சொத்து மதிப்பில் சேராது. அவை முழுவதும் உங்கள் பையிலிருந்து போக வேண்டியவை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். தரகு 1 சதவீதம் என்றால் 60 ஆயிரம். வழக்கறிஞர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு என்று இன்னும் சில. 12 லட்சம் என்று நினைத்தது 18 லட்சத்தைத் தாண்டி நிற்கும். பழைய வீட்டின் குளியலறைக் குழாயும் மின்கம்பியும் அதற்குப் பிறகு வரும் செலவு.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் பேசிய விலையை வங்கி அப்படியே ஏற்காது. வங்கியின் மதிப்பீட்டாளர் 55 லட்சம் என்று எழுதினால் கடன் 44 லட்சம்தான். அந்த 4 லட்சத்தையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்ட பிறகு இது தெரியவந்தால், மனிதர்கள் நகைக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் ஓடுகிறார்கள். வீட்டுக் கடன் வட்டியில் கால் சதவீதம் குறைக்க ஒரு மாதம் அலைந்தவர், அதனால் ஓராண்டில் மிச்சமாவதைவிட அதிகத்தைத் தனிநபர் கடனின் வட்டியில் அதே ஆண்டில் இழந்துவிடுவார்.

புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல், கட்டுமான நிறுவனத்திடமிருந்து முதன்முறையாக விற்கப்படும் வீட்டுக்கு, நிலத்தின் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்த மதிப்பில் தீர்வை கணக்கிடப்படுகிறது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். அதற்கு மேல் வழக்கமான 7. பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2 சதவீதம். ஆகவே 60 லட்சம் மதிப்புள்ள புதிய வீட்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். மறுவிற்பனை வீட்டைவிடக் குறைவு என்று மகிழ்வதற்குள் ஜி.எஸ்.டி. வந்து நிற்கும். கட்டுமானம் முடியாத வீடு என்றால் 5 சதவீதம், அதாவது இன்னும் 3 லட்சம். விலை 45 லட்சத்துக்கு மேற்படாமலும் பெருநகரத்தில் உள்பரப்பு 60 சதுர மீட்டருக்கு, மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் 1 சதவீதம் போதும். நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கட்டி முடித்தும் விற்காமல் கிடக்கும் ஒன்றிரண்டு வீடுகள் எந்தத் திட்டத்திலும் இருக்கும். விலையில் இறங்கக் கட்டுமான நிறுவனம் தயாராக இருப்பது அங்கேதான், வரியும் மிச்சம். இந்த விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றும். வாங்கும் மாதத்தில் பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சிறிய ஊர்களில் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமானவரித் துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு ஆகாது. விற்பவருக்குச் சேர வேண்டிய பணத்தின் ஒரு பகுதி. ஆனால் பிடிக்க மறந்துவிட்டால், துறை கேட்கப்போவது உங்களைத்தான். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் பல மடங்கு பெரியது. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

"பத்திரத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாம்" என்ற யோசனை எப்படியும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும். தீர்வை மிச்சமாகும் என்பார்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அது விற்பவரின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. பேரம் முறிந்தால் அந்த ரொக்கத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் காகிதம் இருக்காது. பத்திர மதிப்பு குறைந்தால் கடனும் குறையும். பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகப் பதிந்திருப்பதால் லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும்.

சதுர அடியில் ஒளிந்திருப்பது

விளம்பரத்தில் வரும் 1,000 சதுர அடியில் உங்கள் சுவர்கள், மாடிப்படி, மின்தூக்கி, நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கு எல்லாம் அடக்கம். நீங்கள் நடமாடப்போவது உள்பரப்பில் மட்டும். ரெரா என்று அழைக்கப்படும் 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் இந்த உள்பரப்பை வரையறுத்திருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச் சுவர்கள், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது.

சதுர அடி 6,000 ரூபாய் என்று ஒரு வீடு, 6,200 என்று இன்னொரு வீடு. இரண்டும் 1,000 சதுர அடி. முதலாவதின் உள்பரப்பு 720, இரண்டாவதின் உள்பரப்பு 780 என்றால், உள்பரப்புக்கு வகுத்துப் பாருங்கள். முதல் வீடு சதுர அடிக்கு 8,333 ரூபாய், இரண்டாவது 7,949. விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை கூடியது. எந்த வீட்டைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் எண் உள்பரப்பு. தயங்கிச் சொன்னாலே சந்தேகப்படலாம்.

கேட்க வேண்டிய இரண்டாவது எண், நிலத்தில் உங்களுக்கு எழுதித் தரப்படும் பிரிக்கப்படாத பங்கு. யூ.டி.எஸ். என்றால் எல்லோருக்கும் புரியும். ஐந்து கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி நிலத்தில் ஒரே அளவில் 20 வீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி. அதே நிலத்தில் 40 வீடுகள் என்றால் 300. அந்தப் பகுதியில் நிலம் சதுர அடி 8,000 ரூபாய்க்குப் போகிறது என்று கொண்டால், முதல் வீட்டோடு 48 லட்ச ரூபாய் மண் வருகிறது. இரண்டாவதோடு 24 லட்சம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மண் தேயாது. 25 ஆண்டு பழைய, மூன்று மாடிக் கட்டடத்தில் உள்ள மங்கலான வீடு, பளபளக்கும் புதிய கோபுரத்து வீட்டைவிடச் சில சமயம் நல்ல பேரமாக அமைவது இதனால்தான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற வழியும் திறந்திருக்கிறது. அப்போது யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பேச்சில் யூ.டி.எஸ். பெரிய எடையாக இருக்கும்.

வில்லங்கச் சான்றிதழை வாசிப்பது

வீடு வாங்குவதில் மிகப் பெரிய இழப்பு விலையில் ஏமாறுவதால் வருவதில்லை. விற்க உரிமை இல்லாதவரிடமிருந்து வாங்குவதால் வருகிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் அரசே உரிமையை உறுதிசெய்துவிட்டது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. விற்பவரின் உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தில் இல்லை என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் பதிவது ஆவணத்தை. உரிமையைச் சரிபார்ப்பது வாங்குபவரின் வேலை.

அதற்கான முதல் கருவி, சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழ். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இதைக் கட்டணமின்றியே பார்க்கலாம். சான்றொப்பமிட்ட படிக்குத்தான் கட்டணம். ஒவ்வொரு வரியிலும் ஆவண எண், தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சொத்து விவரம் இருக்கும். குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது எடுங்கள். வாசிக்கும் முறை எளிது: ஒரு வரியில் எழுதி வாங்கியவர், பிந்தைய ஒரு வரியில் எழுதிக் கொடுத்தவராக வர வேண்டும். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள்.

ஓர் உதாரணம். 1974இல் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்குகிறார். அடுத்த வரி 2004இல்: இரண்டு சகோதரர்களுக்கு இடையே பாகப்பிரிவினை. அதற்கடுத்து 2012: மூத்தவர் தன் பாகத்தை விற்கிறார். அவரிடம் வாங்கியவர் அதில் வீடு கட்டி இப்போது உங்களிடம் விற்க வந்திருக்கிறார். சான்றிதழில் அடமானம் எதுவும் இல்லை; பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கிறது. கேள்வி 1974க்கும் 2004க்கும் நடுவில் இருக்கிறது. அப்பா எப்போது இறந்தார்? உயில் எழுதினாரா? இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர்? அதில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று இருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேருக்கும் சம பங்கு. அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்குப் பங்கு அந்த ஆண்டிலிருந்தே உண்டு. பூர்விகச் சொத்தில்தான் 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் வர வேண்டியிருந்தது. அம்மாவும் மகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியவில்லை என்றால், அவர்களுடைய பங்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்தால் போய்விடாது.

"அக்காவுக்கு அப்போதே நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அவர் கேட்க மாட்டார்" என்று சொல்வார்கள். அக்கா ஒருவேளை கேட்க மாட்டார். அவருடைய பிள்ளைகள் கேட்பார்கள், அதுவும் அந்தத் தெருவில் மனை விலை ஏறிய பிறகு. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உரிமை உள்ள எல்லோரும் கையெழுத்திட்டால் வாங்குவது, இல்லையென்றால் விலகுவது. வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்து, அவருடைய பங்கைக் காப்பாளர் விற்றிருந்தால், நீதிமன்ற அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று நேரில் விசாரியுங்கள். வெறும் பவர் பத்திரம் கொடுத்துச் சொத்தை விற்றுவிட்டதாகச் சொல்வது உரிமை மாற்றம் ஆகாது என்பது 2011லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

வில்லங்கச் சான்றிதழ் சொல்லாதவையும் உண்டு. பதியப்படாத உயில் அதில் வராது. பதியப்பட்ட உயிலும் வேறு புத்தகத்தில் ஏறுவதால் வராது. வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை வராது. சொத்தின் மீது நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. "வில்லங்கம் எதுவும் இல்லை" என்று ஒரு தாள் வந்தால் உடனே மகிழ வேண்டாம்; தவறான உட்பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேடினாலும் அதே வாசகம்தான் வரும். மனைப்பிரிவு போடும்போது 112/3 என்பது 112/3ஏ, 112/3பி என்று உடைந்திருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேட வேண்டும். அந்த ஊர் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கும் தேட வேண்டும்.

இந்த வேலைக்குச் சிவில் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்வதுதான் இந்த வியாபாரம் முழுவதிலும் மலிவான செலவு. விற்பவரோ தரகரோ பரிந்துரைக்காத வழக்கறிஞராக இருக்கட்டும். "வங்கியே கடன் கொடுத்துவிட்டது, பத்திரம் சரியாகத்தான் இருக்கும்" என்று சிலர் இந்தச் செலவைத் தவிர்க்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்காகப் பார்ப்பவர். சொத்தில் சிக்கல் வந்தாலும் கடனை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், வங்கியின் கவலையும் உங்கள் கவலையும் ஒரே அளவு இருக்க வழியில்லை.

பட்டா, புலப்படம், வரைபட அனுமதி

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது, ஆனால் பத்திரமும் பட்டாவும் முரண்பட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம் எல்லாம் கிடைக்கும். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, மேய்க்கால் என்று புறம்போக்காக இருந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கோயில் நிலமும், தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் பல கைகள் மாறி, வீடு கட்டப்பட்டு, வரி ரசீதோடும் மின் இணைப்போடும் விலைக்கு வரும். வரி கட்டிய ரசீது எத்தனை இருந்தாலும் உரிமை பிறக்காது. புலப்படத்தில் இருக்கும் அளவும், சர்வேயரை வைத்து அளந்தால் தரையில் இருக்கும் அளவும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். வாஸ்து பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்குபவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு.

அடுக்குமாடி வீட்டில், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தின் முன் நின்று மாடிகளை எண்ணுங்கள். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவதைக் கட்டி, அந்த நான்காவதைத்தான் "சலுகை விலையில்" விற்பார்கள். புதிய திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணைத் தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். பதிவான திட்டத்தில், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனத்தார் வாங்கக் கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. புறநகர்த் தெருக்களில் எழும் நான்கு வீடு, ஆறு வீடு கட்டடங்கள் எல்லாம் இந்த வகை. அங்கே பாதுகாப்பு உங்கள் கண்ணும் உங்கள் வழக்கறிஞரும்தான்.

சென்னையிலும் அதைச் சுற்றியும் வாங்குபவர்கள், முடிந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்பதை அங்கே குடியிருப்பவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். சாலையை மேலே மேலே போட்டுப் போட்டு, வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஆகிறது என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், காவலாளியிடம் கேளுங்கள்.

கடனில் கரையும் பணம்

48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 52 லட்சம், கடனைவிட அதிகம். அதையே 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை சுமார் 47,270. மாதம் 5,600 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், வட்டியில் ஏறத்தாழ 15 லட்சம் குறைகிறது. முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடிக்க யோசிப்பவர்கள் கால அளவைப் பற்றி இந்த அளவுக்கு யோசிப்பதில்லை. வட்டி கால் சதவீதம் குறைந்தாலும், இந்தக் கடனில் 20 ஆண்டுகளில் சுமார் 1.8 லட்சம் மிச்சம். ஆகவே இரண்டு மூன்று வங்கிகளில் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். பெண்கள் பெயரில் கடன் வாங்கினால் சில வங்கிகள் வட்டியைச் சற்றுக் குறைப்பதும் உண்டு.

15 ஆண்டுத் தவணை கட்டச் சம்பளம் இடம்கொடுக்கவில்லையா, 20 ஆண்டுக்கே வாங்கிக்கொண்டு இடையில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. முதல் ஆண்டு முடிவில் போனஸாக வந்த 1 லட்சத்தை அசலில் கட்டினால், கடைசியில் பதினோரு தவணைகளுக்குச் சற்று மேல் குறையும், வட்டியில் 3.8 லட்சம் மிச்சம். அந்த 1 லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் இவ்வளவு பலன் இல்லை. கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

கடனோடு சேர்த்து ஒரே பிரீமியக் காப்பீடு ஒன்றை நீட்டுவார்கள். கட்டாயம் என்பது போலவே பேசுவார்கள், கட்டாயம் இல்லை. பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவதால் அதற்கும் 20 ஆண்டு வட்டி கட்டுகிறீர்கள். காப்பீடு தேவைதான், தனியாக ஒரு எளிய ஆயுள் காப்பீட்டை விலை விசாரித்து எடுத்துக்கொள்ளலாம்.

பேரம் பேசும் காலம்

அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தெரியாமல் பேரம் பேச முடியாது. தரகர் சொல்வதும் இணைய விளம்பரங்களில் வருவதும் கேட்கும் விலை. பதிவான விலையைப் பார்க்க வழி இருக்கிறது: நீங்கள் வாங்க நினைக்கும் குடியிருப்பு நிற்கும் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால், அங்கே கடந்த ஓரிரு ஆண்டுகளில் விற்ற மற்ற வீடுகளின் கைமாற்றுத் தொகையும் வரிசையாக வரும். குறைத்துப் பதிந்தவையும் அதில் இருக்கும் என்பதால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனாலும் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காகிதம் இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதியத் தயங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. தையிலோ ஆவணியிலோ முகூர்த்த நாள் வந்தால் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம். நாள் நட்சத்திரத்தில் பிடிவாதம் இல்லாதவர் ஆடியில் விலை பேசி முடித்து, ஆவணியில் பதிந்துகொள்ளலாம். பணத் தேவையில் இருக்கும் விற்பவர் அந்த மாதங்களில் நன்றாகவே இறங்கி வருவார். "நாளைக் காலை வேறு ஒரு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறது" என்ற செய்தி மட்டும் எல்லா மாதத்திலும் வரும். வரட்டும்.

எல்லாம் சரியாக இருந்து முன்பணம் கொடுக்கும்போது, சிறிய தொகையாக, வங்கி வழியாகக் கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெறும் பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது. வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ உரிமையில் குறை தெரிந்தாலோ முன்பணம் இத்தனை நாளில் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். விற்பவருக்கு அந்த வீட்டின் மீது கடன் பாக்கி இருந்தால், பாக்கித் தொகையை அவர் கையில் கொடுக்காமல் நேரடியாக அவருடைய கடன் கணக்குக்கே செலுத்துங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் பழைய உரிமையாளரின் கையெழுத்துக்காக ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும். கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடனை அடைத்த 30 நாட்களுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு இது. பத்திரங்கள் கைக்கு வந்ததும் வங்கியிடமிருந்து ரசீது ஆவணம் எழுதி வாங்கி, அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், அடைத்து முடித்த அடமானம் உங்கள் வீட்டின் வில்லங்கச் சான்றிதழில் அப்படியே நிற்கும்.